தென் சென்னையில் வீடு வாங்கும் முன்: பத்திரத்தோடு மட்டத்தையும் பாருங்கள்

கேள்வி இதுதான்: வேளச்சேரியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு, பெரும்பாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடி வீடு, முடிச்சூரில் ஒரு கிரவுண்டு காலி மனை. மூன்றில் ஒன்றை வாங்க வேண்டும். வக்கீல் 30 வருட வில்லங்கம் பார்த்து “பத்திரம் சுத்தம்” என்கிறார். வங்கியும் கடன் தரத் தயார். ஆனால் மழை வருடத்துக்கு வருடம் மோசமாகிறது. அந்த ஆபத்தை எப்படிச் சரிபார்ப்பது?

வக்கீல் சொன்னது சரியாகவே இருக்கும். அவர் பார்த்தது அந்த இடம் யாருடையது என்பதை. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் தொகைக்கு ஈடாக இன்று அது விலை போகுமா என்பதை. அங்கே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு உயரம் நிற்கும், எத்தனை நாளில் வடியும் என்று பார்ப்பது இருவர் வேலையும் இல்லை. அது வாங்குகிறவரின் தலையில்தான் விழுகிறது. நல்ல வேளையாக அதற்குப் பெரிய செலவு இல்லை. மூன்று நான்கு நாள் அலைச்சல், ஒரு சர்வேயர் கூலி, மனையென்றால் ஒரு குழி தோண்டும் செலவு. அவ்வளவுதான்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். “2015-லேயே இங்கே தண்ணீர் வரவில்லை” என்று விற்பவர் சொன்னால் பலர் அதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது. தென் சென்னைக்கு வெள்ளம் மூன்று வழிகளில் வருகிறது. ஒரு வழியில் தப்பிய தெரு இன்னொரு வழியில் மாட்டும்.

ஒன்று, ஆறு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை அடையாறு கரையைத் தாண்டியது. இரண்டு, ஏரிகளின் உபரிநீர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அன்று மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கத்தைக் காரணம் சொல்வது பழக்கமாகிவிட்டது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஆக, செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறந்தார்கள் என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு முடிச்சூரில் நிம்மதியாக இருக்க முடியாது. மூன்று, வடிய வழியில்லாத உள்ளூர் மழை. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் சமயத்தில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் நடந்தது பெரும்பாலும் இது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். நெடிய பாதை, மிகக் குறைந்த சரிவு. புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறி நின்றால் கால்வாய்த் தண்ணீர் நகராது.

பருவநிலை மாற்றம் இந்த மூன்றையும் தொடுகிறது, மூன்றாவதை இன்னும் அழுத்தமாக. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது ஒரே நேரத்தில் கொட்டுகிறது. உலகச் சராசரி கடல் மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கேட்கச் சின்ன எண். ஆனால் வடிகாலின் மொத்தச் சரிவே ஓரிரு மீட்டர் என்றால், கடைசியில் 20 செ.மீ. குறைவது வடியும் வேகத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். பழைய அனுபவத்தை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காயல்பட்டினமே சாட்சி. 2023 டிசம்பர் 17, 18-ல் அங்கே ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்த வட்டாரத்துக்கு அது ஒரு வருட மழைக்கும் மேல்.

“நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்ற சொல்லும் ஏமாற்றும். அதன் பொருள், எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது. 20 வருட வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வர 18 சதவீத வாய்ப்பு. 30 வருடத்தில் 26 சதவீதம். ஐம்பது வருட வெள்ளம் என்றால் 30 வருடத்தில் 45 சதவீதம். இந்தக் கணக்கே பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்டது. மழையின் சுபாவம் மாறும்போது நேற்றைய நூறு வருட வெள்ளம் நாளைக்கு ஐம்பது வருட வெள்ளமாகிவிடலாம். வெள்ளம் வருமா வராதா என்று விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வந்தால் வீட்டுக்குள் எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி. அதை அளக்கலாம்.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் மொத்தச் சோதனையிலும் முக்கியமானது இதுதான். உங்களுக்கு வேண்டியவை மூன்று மட்டங்கள்: வீட்டின் தரைமட்டம், சாலையின் நடுமட்டம், அந்த இடத்தில் இதுவரை நின்ற உச்ச வெள்ளக் குறி. மூன்றும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும்.

வெள்ளக் குறியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. தெருவில் பழைய காம்பவுண்டுச் சுவர்களைப் பாருங்கள். நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை ஓடும். அதற்குக் கீழே பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இரும்புக் கேட்டின் கீழ்ப்பாதி மட்டும் துருவேறியிருந்தால் அதுவும் ஒரு குறி. தரைத்தள வீடுகளில் மின்மீட்டரும் சுவிட்ச் போர்டும் நெஞ்சுயரத்துக்கு மேல் மாற்றப்பட்டிருந்தால், மரக் கதவுகள் போய் பிவிசி கதவுகள் வந்திருந்தால், வாசற்படியில் புதிதாக ஓர் அடித் தடுப்புக் கட்டியிருந்தால் அங்கே வாழ்கிறவர்கள் உங்களுக்கு விடை சொல்லிவிட்டார்கள். ஒரு சுவர் மட்டும் புத்தம்புது வண்ணத்தில் இருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். பிறகு ஆட்களைக் கேளுங்கள்: இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், ஆட்டோ ஸ்டாண்டு, தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். “வெள்ளம் வருமா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 2005 அக்டோபர், 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எந்தப் பக்கமிருந்து வந்தது, எதுவரை நின்றது, எத்தனை நாள் நின்றது, மின்சாரம் எப்போது வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அன்று எடுத்த படம் யாரிடமாவது இருக்கும். தண்ணீர் தொட்ட ஜன்னல் விளிம்போ மாடிப்படியின் எண்ணிக்கையோ தெரிகிற ஒரு படம் போதும்.

குறி கிடைத்ததும் அதை நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் தண்ணீர் டியூப் இதற்குப் போதும். கண்ணாடிபோல் தெரியும் 10, 15 மீட்டர் டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அண்டை வீட்டுச் சுவரின் கறைக்கு நேராகப் பிடித்தால், மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடம் அதே மட்டம். அங்கே பென்சிலால் கோடு போட்டு, அங்கிருந்து அடுத்த பிடி. நாலைந்து பிடியில் உங்கள் கட்டடத்தின் தூணுக்கு வந்துவிடலாம். டியூபில் ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் மட்டம் தப்பாகக் காட்டும். ஒவ்வொரு பிடிக்கும் முன் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். தூணில் விழும் கோடு வீட்டின் தரைமட்டத்துக்கு எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே என்பதுதான் நீங்கள் தேடிய எண். தூரம் அதிகமென்றால் ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் தனியார் சர்வேயர் அரை நாளில் முடித்துத் தருவார்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “சாலையிலிருந்து மூன்றடி வந்தது” என்று 2015-ஐப் பற்றிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே இரண்டு முறை புதிதாகப் போட்டிருப்பார்கள். வேளச்சேரியின் பழைய தெருக்களில் வாசலிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகும் படிகளைப் பார்த்தாலே இது புரியும். அதனால் சாலையைச் சுழியமாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கறையை நேராகத் தரைமட்டத்தோடு ஒப்பிடுங்கள். சாலையின் மட்டத்தைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் தரை சாலைக்குக் கீழே போய்விட்டால் சாதாரண அடைமழைக்கே தெருத் தண்ணீர் உள்ளே வரும், வெள்ளமே தேவையில்லை.

கூகுள் எர்த் காட்டும் உயரத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். செயற்கைக்கோள் உயரத் தரவுகளில் சில மீட்டர் பிழை இயல்பு. இங்கே அரை அடியில் முடிவு மாறுகிறது. ஆனால் அதே கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி மிக உதவும். 2000-களின் தொடக்கத்துக்குப் போய் மனை இருக்கும் இடத்தில் தண்ணீர் பளபளக்கிறதா, கோரை மண்டியிருக்கிறதா, வரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கோடைப் படத்தை விட்டுவிட்டு டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடுங்கள்.

எவ்வளவு உயரம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்? தரைத்தள வீடென்றால் இதுவரை தெரிந்த உச்சக் குறிக்கு மேல் குறைந்தது 2 அடியாவது தரை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இனி சுற்றிலும் மண் கொட்டி உயர்த்தப்போகும் மனைகள், இன்னும் கனமாகப் பெய்யப்போகும் மழை, இரண்டுக்கும் சேர்த்து அந்த 2 அடி.

இப்போது ஆவணங்கள். வக்கீல் பார்த்த 30 வருட வில்லங்கம் 1990-களின் நடுவில் தொடங்கும். தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்வது, 1979-க்கும் 1987-க்கும் இடையில் நடந்தது. பழைய பதிவேடுகளிலிருந்து புதியவற்றுக்கு மாற்றியபோது தவறுகள் நிறைய நேர்ந்தன. நீர்நிலைப் புறம்போக்கு பட்டா நிலமாக ஏறியதும் அதில் உண்டு. எனவே சர்வே எண்ணுக்கு யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலும் எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் கிராமக் கணக்கான பழைய ‘அ’ பதிவேட்டின் நகலும் வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ மனு கொடுத்துப் பெறலாம். தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இன்றைய பட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம் மூன்றும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். பழையதில் ஏரி, குளம், தாங்கல், ஓடை, வாய்க்கால், கழுவெளி, மேய்க்கால் என்று ஏதாவது இருந்தால், இன்று எத்தனை சுத்தமான பட்டா இருந்தாலும் அந்த மனையை விட்டுவிடுங்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பு விஷயத்தில் நீதிமன்றங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த விதிகளும் நீர்நிலை மனைகளை ஏற்பதில்லை.

அதைவிட நுட்பமான ஒன்று, பெரும்பாலானோர் கண்ணில் படாதது: ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசனத்தில் இருந்த நிலம். பழைய பதிவேட்டில் ‘நஞ்செய்’ என்று இருக்கும், நூறு வருடமாகத் தனியார் பட்டா, சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது ஏரிக்குக் கீழே, மதகுத் தண்ணீர் தானாகப் பாய்வதற்காகவே தாழ்வாக அமைந்த நிலம். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி போவதும் அதே பக்கம்தான். முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கம் கழனியாக இருந்து மனையான நிலங்களுக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிராம வரைபடத்தை வாங்கி மேலே உள்ள ஏரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வாருங்கள்: மதகு எங்கே, கலங்கல் எங்கே, போக்குக் கால்வாய் எந்த சர்வே எண்கள் வழியாகப் போகிறது, அடுத்த ஏரியின் வரத்து வாய்க்காலாக எங்கே சேர்கிறது. வாய்க்காலுக்குப் பெரும்பாலும் தனி சர்வே எண் இருக்கும். அந்த எண் மனைப்பிரிவு வரைபடத்தில் என்னவாயிற்று என்று தேடுங்கள். ‘30 அடிச் சாலை’ என்றோ ‘பூங்கா’ என்றோ இருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் அந்தச் சாலையில்தான் ஓடும். சர்வேயரை வைத்து மனையின் மட்டத்தைக் கலங்கலின் மேல்விளிம்போடு ஒப்பிட்டுவிட்டால் விஷயம் தெளிவாகிவிடும்.

ஊர்ப் பெயரையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். தாங்கல், ஏந்தல் இரண்டும் சிறு ஏரியைக் குறிக்கும் சொற்கள். இது புறநகரின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம்: தியாகராய நகரே 1920-களில் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கியது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரிதான் இல்லை.

முடிச்சூர் மனைக்கு இன்னும் ஒரு சோதனை: குழி. விற்பவரின் சம்மதத்தோடு மனையின் தாழ்ந்த மூலையில் 5, 6 அடி ஆழம் தோண்டச் செய்யுங்கள். மேலே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, பாலித்தீன் பை வந்தால் கட்டட இடிபாடு கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கறுத்து ஒட்டும் களிமண்ணும் நத்தை ஓடும் கோரை வேரும் வந்தால் நீங்கள் நிற்பது பழைய நீர்நிலை. குழியை ஒரு நாள் விட்டுவைத்து ஊறி நிற்கும் தண்ணீரின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனையை உயர்த்திக்கொண்டால் போயிற்று என்று தரகர் சொல்வார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 3 அடி உயர்த்த 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் மண். திமிசு போட்டு இறுக்கினால் அமுங்கும், ஆகவே 90 யூனிட் வாங்க வேண்டிவரும். மூன்று யூனிட் டிப்பரில் 30 லோடு. சுற்றிலும் மண் சரியாமல் தாங்குசுவர். ஓர் அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்காக இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே ஒருமுறை உருட்டினால் இரண்டு மழைக்காலத்தில் தரை விரிசல் விடும். அஸ்திவாரம் நிரப்பு மண்ணில் நிற்கவே கூடாது. அதைத் தாண்டி இயற்கை மண்ணுக்குப் போக வேண்டும். களிமண் என்றால் அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ்போல் அகன்ற ஆழத்தூண், தேவைப்படலாம். மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்தப் பொறியாளரும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் செலவு மொத்தத்தையும் மனை விலையில் கழித்துப் பேசுவது நியாயம். உங்கள் மனை உயர்ந்தால் அங்கே நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்தவர் உயர்த்தும்போது உங்களுக்கும் அதுவே நடக்கும்.

பெரும்பாக்கத்துப் புது அடுக்குமாடிக்கு வேறு ஆவணங்கள் முக்கியம். பெரிய திட்டங்களுக்கு நீர்வளத் துறை வெள்ளப் பாதிப்பைப் பற்றி ஒரு தடையின்மைச் சான்று தரும். அதில் மனையைக் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் வரை உயர்த்த வேண்டும், எந்த வாய்க்காலை எந்த அகலத்தில் விட வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். விளம்பரக் கையேட்டைவிட நூறு மடங்கு மதிப்புள்ள காகிதம் அது. திட்ட அனுமதி வரைபடத்தோடு சேர்த்து நகல் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் 19-ஆவது பிரிவு அனுமதி பெற்ற வரைபடங்களையும் விவரங்களையும் கேட்கும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. சான்றில் உள்ள மட்டமும் இடத்தில் உள்ள மட்டமும் பொருந்துகின்றனவா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். நகலைத் தரத் தயங்கும் நிறுவனத்திடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பெரும்பாக்கம் என்பதால் பள்ளிக்கரணையின் சட்ட நிலையும் சேர்ந்துகொள்கிறது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லை ஆய்வு முடியும்வரை தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்றது. வழக்குகள் நடக்கின்றன, நிலைமை மாறும். எனவே உங்கள் சர்வே எண் அந்த எல்லைக்குள் வருகிறதா, அனுமதி எந்தத் தேதியில் தரப்பட்டது என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இதோடு சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப்பயன் வரைபடத்தையும், பக்கிங்ஹாம் கால்வாயோ கடலோ பக்கத்தில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பாருங்கள். அலையேற்றம் எட்டும் கால்வாய்களுக்கும் அந்த விதி பொருந்தும். கொச்சி மரடில் உள்ளாட்சி அனுமதியோடு கட்டிய நான்கு அடுக்குமாடிகளை இதே விதிக்காக உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12-ல் அவை தரைமட்டமாயின. அனுமதி இருந்தும் வீடு போனது.

அடுக்குமாடியில் மூன்றாவது மாடி என்றால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. உங்கள் ஹால் நனையாது. கட்டடத்தின் உயிர்நிலைகள் நனையும். ஒரு மணி நேரம் கீழ்த்தளத்தைச் சுற்றிப் பாருங்கள். மின்பேனல் அறையும் டிரான்ஸ்ஃபார்மரும் எந்த உயரத்தில்? ஜெனரேட்டர் மேடை எத்தனை அடி? நிலத்தடித் தொட்டியின் வாய் தரையோடு தரையாக இருந்தால் வெள்ளத்தில் சாக்கடை கலந்து, பிறகு தொட்டியைக் கழுவி முடிக்கும்வரை குடிநீர் இருக்காது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்தளத்தில் இருந்தால் முதலில் நிற்பது அதுதான். அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவின் முகப்பில் எத்தனை உயரத்துக்கு மேடு இருக்கிறது? அரை அடி மேட்டை இரண்டு அடித் தெருத்தண்ணீர் பொருட்படுத்தாது. கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு உண்டா? இல்லையென்றால் தரைத்தளக் கழிப்பறை வழியாக வெள்ளம் உள்ளே வரும், வாசலில் எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும். வேளச்சேரிப் பழைய வீட்டுக்கு இவற்றோடு குடியிருப்போர் சங்கத்தின் கடந்த பத்து வருட வரவுசெலவையும் கேளுங்கள். லிஃப்ட் மோட்டார் மாற்றியது, பேனல் மாற்றியது, பம்ப் வாடகை என்று அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளச் சாட்சியம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்கின்றன. புயலும் வெள்ளமும் அடிப்படையிலேயே சேர்ந்தவை. கட்டுமானச் செலவுக்குத்தான் காப்பீடு, நிலத்தின் விலைக்கு இல்லை. வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேரும். ஆனால் விலக்குகளைப் படியுங்கள். நிலம் அமிழ்வது காப்பீட்டில் வந்தாலும், நிரப்பிய மண் அமுங்குவதால் வரும் சேதமும் கடல் அல்லது ஆற்றின் அரிப்பும் அதில் வராது. தூர்த்த ஏரிமனையும் கடலோர வீடும் எந்த ஆபத்தில் அதிகம் இருக்கின்றனவோ, அதற்குத்தான் பாதுகாப்பு இல்லை. காருக்கு என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு எடுக்காவிட்டால், தண்ணீர் புகுந்த என்ஜினுக்குப் பணம் கிடைப்பது அரிது.

வறட்சியையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பல குடியிருப்புகள் முழுக்க லாரித் தண்ணீரில் ஓடின. குழாய் இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கோடையில் மாதம் எத்தனை லாரி என்று கேளுங்கள். கடலுக்கு அருகில் என்றால் கிணற்று நீரின் உப்பளவைச் சோதித்து, தூண்களில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரநிலை கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் எம்30 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட்டும் கேட்கிறது; பழைய கட்டடங்களில் இது இருப்பது குறைவு.

மூன்றில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் ஒதுக்க வேண்டியதைச் சொல்லலாம். பழைய பதிவேட்டில் நீர்நிலை என்றிருந்தால் முடிச்சூர் மனை வேண்டாம், பாதி விலைக்குக் கிடைத்தாலும். நீர்வளத் துறைச் சான்றின் நகலைத் தராவிட்டால் பெரும்பாக்கம் வேண்டாம். வேளச்சேரி வீடு தரைத்தளமாக இருந்து, டியூப் காட்டிய கோட்டுக்கு மேல் 2 அடியாவது தரை இல்லையென்றால் அதுவும் வேண்டாம். முதல் மாடிக்கு மேல் என்றால், பேனலையும் ஜெனரேட்டரையும் உயர்த்தச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தால், அந்தச் செலவைக் கழித்து விலை பேசலாம்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, எந்தெந்த வருடம் எத்தனை அடி தண்ணீர் வந்தது என்று விற்பவரின் எழுத்துபூர்வ அறிவிப்பு. இரண்டு, நிலம் நீர்நிலையாகவோ தடைசெய்யப்பட்ட மண்டலமாகவோ எந்தக் காலத்திலும் வகைப்படுத்தப்படவில்லை என்ற உறுதி, பொய்யானால் அட்வான்ஸ் முழுவதும் வட்டியோடு திரும்பும் என்ற நிபந்தனையோடு. மூன்று, காலக்கெடு. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ சிறு தொகை அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, கிரயத்தை ஜனவரிக்கு வையுங்கள். நடுவில் வடகிழக்குப் பருவமழை முழுவதும் உங்கள் கையில் இருக்கும். நவம்பரில் 10 செ.மீ. மழை பெய்த மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் போய், தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது, மதியத்துக்குள் வடிகிறதா என்று பார்த்துவிட்டு, பேனல் அறைக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.